கல் பதிச்ச பழைய கப்பைத் தயவுசெஞ்சு கழுவாதீங்க

போன மாசம் ஒரு அம்மா பட்டுத் துணியில சுத்தி ஒரு ஸர்ஃப் கொண்டு வந்தாங்க. துருக்கியை ஆண்ட ஒட்டோமான் சுல்தான்கள் காலத்து காபி கப்புக்குக் கைப்பிடி கிடையாது, சூடு கையில படாம இருக்க கப்பை உட்கார வச்சுப் பிடிக்கிற தாங்கிதான் ஸர்ஃப், வசதியானவங்க அதைத் தங்கத்துல எனாமல் போட்டு வைரம் பதிச்சு வச்சிருப்பாங்க, 19ஆம் நூற்றாண்டுல ஜெனீவாவுலயே இஸ்தான்புல் காரங்களுக்குன்னு செஞ்சு அனுப்பியிருக்காங்க. அந்த அம்மா சோப்புத் தண்ணியில ராத்திரி பூரா ஊறப் போட்டுட்டாங்க. லூப்னு சொல்ற சின்ன பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, அடி தட்டையா மேல மொட்டு மாதிரி பட்டை தீட்டின ரோஸ் கட் வைரம் அஞ்சும் செத்த மீன் கண்ணு மாதிரி மங்கிக் கிடக்கு.

வைரத்துக்கு ஒண்ணும் ஆகல. பின்பக்கம் மூடின பதிப்புல கல்லுக்கு அடியில மெல்லிசா ஒரு பளபள தகடு இருக்கும், பாதி ஜொலிப்பு அதுலருந்துதான் வருது. தண்ணி உள்ள போச்சுன்னா தகடு கறுத்துரும். பழையபடி கொண்டு வர்றது ரொம்பக் கஷ்டம்.

இஸ்தான்புல்ல சுல்தான்கள் வாழ்ந்த டோப்காப்பி அரண்மனைக் கருவூலத்துல இருக்கிற 16ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்களைப் பாருங்க, எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. பச்சை ஜேட் கல்லுல முடி மாதிரி பள்ளம் வெட்டி அதுல தங்கக் கம்பியை அடிச்சு இறக்கி, கொடி ஓடுற மாதிரி பண்ணி, நடுவுல பூவிதழ் மாதிரி தங்கத்தை எழுப்பி, அதுக்குள்ள பட்டை தீட்டாத உருண்டைச் சிவப்புக் கல்லும் மரகதமும் உட்காந்திருக்கும். சீனாவுல இருந்து வந்த பீங்கான் கிண்ணத்தைக்கூட விடல, அதுலயும் இதே வேலை. துத்தநாகத்துலகூட ஜக்கு செஞ்சு கல் பதிச்சாங்க. அதைப் பித்தளைச் சொம்புன்னு நினைச்சு புளி போட்டுத் தேய்ச்சா அமிலம் உலோகத்தையே அரிச்சிடும்.

ஒலி அதிர்வால நகையைச் சுத்தம் பண்ற அல்ட்ராசோனிக் மெஷின்ல போடுறது இன்னும் மோசம், மரகதத்துல இயற்கையாவே விரிசல் உண்டு, அதை மறைக்க ஊற வச்சிருக்கிற எண்ணெய் வெளியேறி விரிசல் பளிச்சுன்னு தெரியும், சில சமயம் கல்லே உடையும். தூசி தட்டணும்னா காய்ஞ்ச மெத்துப் பிரஷ் போதும், கல் ஆடுதான்னு மொதல்ல பாருங்க, ஆடினா தொடாதீங்க.

இஸ்தான்புல் டூர் போறவங்களுக்கு ஒண்ணு, கிராண்ட் பஜார்ல "ஒட்டோமான் ஒரிஜினல்"னு யாராவது காட்டினா அவசரப்படாதீங்க, புதுசா இருந்தா ஏமாந்தீங்க, நிஜமாவே பழசா இருந்தா 1983ல வந்த 2863ஆம் எண் சட்டப்படி அனுமதி இல்லாம துருக்கியை விட்டு வெளிய எடுத்துட்டு வர்றது குற்றம். வெளிய கொண்டு போகலாம்னு மியூசியம் கொடுக்கிற எழுத்துச் சான்று கேளுங்க. வாய் வார்த்தையை நம்பிப் பெட்டியில வைக்காதீங்க.