சோவியத்ல வரலாற்றை எப்படி அழிச்சாங்க, அது ஏன் வேலை செஞ்சுது

1954 ஆரம்பத்துல, சோவியத் பெரிய கலைக்களஞ்சியத்துக்கு சந்தா கட்டியிருந்தவங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. அஞ்சாவது வால்யூம்ல 21ல இருந்து 24 வரைக்கும் உள்ள பக்கங்களையும் நடுவுல இருக்கற போட்டோவையும் கத்தரிக்கோலோ ரேசர் பிளேடோ வெச்சு வெட்டி எடுத்துடுங்க, ஓரத்துல கொஞ்சம் விட்டு வெட்டுங்க, கூட அனுப்பியிருக்கற புது பக்கங்களை அதுல ஒட்டிக்கலாம்னு. வெட்டச் சொன்னது லவ்ரென்தி பெரியாங்கறவரைப் பத்தின கட்டுரை. ரகசிய போலீஸ் தலைவரா எல்லாரையும் நடுங்க வெச்ச மனுஷன், 1953 ஜூன்ல கைதாகி டிசம்பர்ல சுட்டுக் கொல்லப்பட்டாரு. அவரு இருந்த இடத்துக்கு பேரிங் கடல் பத்தின விவரமும் படங்களும் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, வெட்டுறது யாருங்கறதுதான். பிரஸ்ல இருந்து வெளிய வர்றதைப் பாத்துக்க 1922லயே கிளாவ்லிட்னு தணிக்கை ஆபீஸ் வந்துடுச்சு, ஆனா வீட்டு அலமாரில ஏற்கனவே இருக்கற புக்கை என்ன பண்றது, அதான் அந்த வேலையை உங்க தலைலயே கட்டிட்டாங்க. பெரியாவுக்கு முன்னாடியே இது பழகிப் போன விஷயம்தான். ரோட்சென்கோனு பெரிய டிசைனர், 1934ல உஸ்பெகிஸ்தான் பத்தி ஒரு போட்டோ ஆல்பம் டிசைன் பண்ணாரு, அதுல இருந்த தலைவர்கள் பல பேரு கொஞ்ச வருஷத்துல மக்கள் விரோதி ஆயிட்டாங்க, அவங்க போட்டோ வீட்ல இருந்தாலே ஆபத்து, அதனால தன்னோட சொந்த காப்பில அந்த முகங்களை அவரே கருப்பு மை ஊத்தி மூடிட்டாரு. அந்தக் காப்பி இன்னும் இருக்கு. முகம் இருந்த இடமெல்லாம் கருப்புத் திட்டு.

மை ஊத்தினதால ரோட்சென்கோ அதை நம்பிட்டாரானு கேட்டா, நம்பணும்னு அவசியமே இல்ல. 1950கள்ல சாலமன் ஆஷ்னு ஒரு மனோதத்துவ ஆய்வாளர் பண்ண எக்ஸ்பெரிமென்ட்ல, எந்தக் கோடு நீளம்னு கண்ணுக்கு பளிச்சுனு தெரியும், ஆனா ரூம்ல இருக்கற மத்தவங்க எல்லாரும் (செட்டப் ஆளுங்க) தப்பா சொன்னாங்கன்னா, சோதனைக்கு வந்த ஆளும் கிட்டத்தட்ட மூணுல ஒரு தடவை தப்பா சொன்னாரு. ஒரே ஒருத்தர் சரியா சொன்னாலே போதும், அது தடால்னு கொறஞ்சுடும். அரசாங்கத்துக்கு பயம் அந்த ஒருத்தர் மேலதான். பக்கத்து வீட்டுக்காரரும் பிளேடு எடுத்தாரு, நானும் எடுத்தேன், அவரு மனசுல என்ன இருக்குனு எனக்குத் தெரியாது, என் மனசுல என்ன இருக்குனு அவருக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் உண்மை தெரிஞ்சும் ரெண்டு பேரும் தனி ஆள்.

அடுத்த தலைமுறைக்கு இந்த பயமே தேவையில்ல, அவங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்க எதுவுமே கிடையாது. பெரியாவுக்கு முன்னாடி ரகசிய போலீஸ் தலைவரா இருந்த யெஷோவ் ஸ்டாலின் பக்கத்துல கால்வாய் ஓரமா நிக்கற போட்டோ இருந்துச்சு, 1940ல அவரு கதை முடிஞ்சப்பறம் வந்த வெர்ஷன்ல அந்த இடத்துல வெறும் தண்ணிதான். சம்பவம் நடந்த காலத்துலயே வாழ்ந்தவங்க ஞாபகத்தைக் கூட போட்டோ அசைக்கும். 2007ல இத்தாலில ஒரு ஆய்வு, 1989ல பெய்ஜிங் தியானன்மென் போராட்டத்தப்போ ஒருத்தர் தனியா டாங்கிகளை மறிச்சு நின்ன போட்டோல, டாங்கிக்கு ரெண்டு பக்கமும் கூட்டத்தை ஒட்டிக் காமிச்சாங்க, அதைப் பாத்தவங்க அன்னிக்கு ஒரிஜினலா இருந்ததை விட அதிக கூட்டம் இருந்ததா சொன்னாங்க.

வார்த்தை விஷயமும் இதே மெஷின்தான். 1932-33 பஞ்சத்துல ஐம்பது லட்சத்துக்கும் மேல செத்தாங்க, பேப்பர்ல பஞ்சம்னு வராது, ரொம்பப் போனா உணவுச் சிரமம். அரசாங்கத்துக்கு தானியத்தைக் குடுக்க மாட்டேன்னவன் குலாக், அதாவது பணக்கார விவசாயி. கைல காசே இல்லாத ஏழை எதிர்த்தா? அவனுக்கு குலாக் கைக்கூலினு தனியா ஒரு பேரு. மக்கள் விரோதினு முத்திரை குத்தினா அப்பறம் ஆதாரமே தேவைப்படலன்னு 1956ல, ஸ்டாலினுக்கு அப்பறம் தலைவரான குருசேவே சொன்னாரு (அவரும் அந்த முத்திரைக்குக் கூட நின்னவருதான், அது வேற கதை).

எனக்கு இதுல ரொம்ப உறைச்சது சென்சஸ். 1934 கட்சி மாநாட்டுல ஸ்டாலின் மக்கள்தொகை 16.8 கோடினு சொல்லிட்டாரு. 1937 ஜனவரில எண்ணிப் பாத்தா 16.2 கோடி. ஏறியிருக்க வேண்டிய நம்பர் இறங்கி நிக்குது, பஞ்சத்துல போனவங்க பேரு பேப்பர்ல வரலன்னாலும் கூட்டல்ல வந்துடுச்சு. அதே சென்சஸ்ல மதம் பத்தியும் கேட்டாங்க, வயசு வந்தவங்கள்ல பாதிக்கு மேல கடவுள் நம்பிக்கை இருக்குன்னுட்டாங்க, இருபது வருஷ பிரச்சாரத்துக்கு அப்பறமும். என்ன பண்ணாங்க தெரியுமா, சென்சஸே தப்புனு ரத்து பண்ணிட்டு, கிராவல், குவிட்கின் மாதிரி பொறுப்புல இருந்த புள்ளியியல் ஆளுங்களை சுட்டுட்டாங்க. 1939ல மறுபடி எண்ணுனப்ப 17 கோடி வந்துச்சு. மதம் பத்தின கேள்வி அதுல இல்ல.

ஆனா பழைய 1937 கணக்கு முழுசா அழியல, ரகசிய ஆவணக் காப்பகத்துல கெடந்துச்சு, சோவியத் முடியற சமயத்துல வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1988ல, பள்ளிக்கூட வரலாறு பரீட்சையை அரசாங்கமே கேன்சல் பண்ணிடுச்சு. பாடப்புக்ல இருக்கறதை எழுதுனா மார்க் போட வாத்தியாருக்கே மனசு வராத நெலமை, புது புக் இன்னும் எழுதியே முடியல.