ஓயா என்பது ஓடையா?

இலங்கை மலையகத்தில் ஓடி மகாவலி கங்கையில் கலக்கும் உமா ஓயாவை "உமா நீரோடை" என்று எழுதும் வழக்கம் மொழிபெயர்ப்புச் செய்திகளிலும் அறிவித்தல்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. இது பிழை. ஓயாவுக்கும் ஓடைக்கும் ஒலியளவில் ஒற்றுமை உண்டே தவிரப் பொருளளவில் இல்லை.

ஓயா சிங்களச் சொல். வடமொழி "ஸ்ரோதஸ்", பாளி "சோத" என்பவற்றின் வழிவந்தது. நீரோட்டம் என்பது அடிப்படைப் பொருள். சிங்களத்தில் பேராறு கங்கை, அதனிற் சிறியது ஓயா, அதற்கும் கீழே வாய்க்காலையும் சிறு நீரோட்டத்தையும் குறிக்கும் எல (ஹாலிஎல என்னும் ஊர்ப்பெயரில் இருப்பது இதுவே), மலையிடுக்கில் வழிவது தொல. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிய பிறகுதான் களனி கங்கை என்ற பெயரே தொடங்குகிறது. நம் ஓடைக்கு நிகர் தொல. அதை ஓயாவின் மேல் ஏற்றுவது இரண்டு படி கீழே இறக்குவதாகும்.

உமா ஓயா பிதுருதலாகலை மலைத்தொடரிலிருந்து இறங்கி, வெலிமடையின் மரக்கறி நிலங்களுக்கு நீர் தந்து, ரந்தம்பையில் மகாவலியுடன் கலக்கிறது. கரையில் பம்பை இறக்கி, மேட்டிலுள்ள போஞ்சிக்கும் கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் குழாய்வழி நீரேற்றும் விவசாயி அதை ஆறு என்கிறார். தோட்டத்து மக்களும் மழை நாளில் "ஆத்துல தண்ணி கூடிருச்சு" என்றுதான் பிள்ளைகளை எச்சரிக்கின்றனர். புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, மலையைக் குடைந்து கிரிந்தி ஓயாப் படுகைக்கு நீரைத் திருப்பி, 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் சுரங்கத்தில் நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்கள் வெடித்த துயரமும் அந்த வட்டாரம் அறிந்ததே. இத்தனையும் ஓர் ஓடையின் பொருட்டு நடந்தது என்று படிக்கும் வெளியூர் வாசகர், நடந்ததன் அளவை எவ்வாறு உணர்வார்?

இன்னொரு சாரார், ஓயாமல் ஓடுவதால் ஓயா என்று விளக்கம் சொல்கின்றனர். "ஓயா" தமிழில் எதிர்மறைப் பெயரெச்சமாக அமையும் என்பது உண்மை. "ஓயா அலை" என்பது நல்ல தமிழ். ஆனால் வறண்ட வலயத்தில் வெயில் காலத்தில் மணல் தெரிய வற்றும் ஓயாக்கள் பல இருக்கையில், இந்த விளக்கம் முதல் வறட்சியையே தாங்காது. ஊர்ப்பெயர்களுக்கு விரும்பிய வேர்களை ஒட்டவைப்பது தமிழ்ப்பற்று ஆகாது. நம் சொல்லாராய்ச்சியின் மீது பிறர் வைக்கும் மதிப்பைத்தான் அது கெடுக்கிறது.

இதற்கு உரிய தமிழ்ச்சொல் சிற்றாறு. இது புதிதாகக் கட்டிய சொல்லன்று. குற்றாலத்து அருவிநீரைச் சுமந்து தாமிரபரணியில் சேரும் ஆற்றின் பெயரே சிற்றாறு. பெரிய ஆறொன்றில் சென்று கலக்கும் மலையாறு என்ற வகையில் உமா ஓயாவுக்கு அது நேர் இணை. மலையக மக்களின் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த நெல்லைச் சீமையிலேயே இச்சொல் வழங்கியிருக்க, ஓடையைத் தேடிப் போகத் தேவையில்லை.

நானுஓயா, பூண்டுலோயா போன்ற ஊர்ப்பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. பெயர் பெயராகவே நிற்கட்டும். விளக்கம் வேண்டிய இடத்தில் "உமா ஓயா என்னும் சிற்றாறு" என்று ஒருமுறை எழுதினால் போதும். "உமா ஓயா ஆறு" என்பது கூறியது கூறல். கல்லோயாவுக்குப் பட்டிப்பளை ஆறு என்பதுபோலத் தமிழ்ப்பெயர் முன்பே இருக்குமிடத்தில் அதனையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் உமா ஓயாவை மகாவலியின் "கிளையாறு" என்றும் எழுதுகின்றனர். கிளையாறு தாயாற்றிலிருந்து பிரிந்து செல்வது. வந்து சேர்வது துணையாறு. நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையே தலைகீழாக்கும் இப்பிழை பாடக்குறிப்புகளிலும் நுழைந்துவிட்டதால், ஓடையைத் திருத்தும் கையோடு இதையும் திருத்தியாக வேண்டும்.