ரேசிங் சிமுலேட்டர்: கண்ணுக்கு நிஜமா, கைக்கு நிஜமா?

கார் பந்தயத்தை நிஜம்போல ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்தான் ரேசிங் சிமுலேட்டர். அதற்கென்று கம்ப்யூட்டர் கட்டித் தரச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எதில் கிராபிக்ஸ் நன்றாக இருக்கும்?" என்பதுதான். மழையில் பளபளக்கும் சாலையையும் முகப்பு விளக்கில் தெறிக்கும் நீர்த்துளிகளையும் விளம்பரத்தில் பார்த்துவிட்டு வருகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடுகிறது. மிச்சமிருப்பதில் ஏதோ ஒரு ஸ்டீயரிங், ஏதோ ஒரு பெடல். கிராபிக்ஸ் கார்டு விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் இந்த வரிசை தலைகீழானது என்று வருகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

சிமுலேட்டருக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. டயர் எவ்வளவு சூடாகியிருக்கிறது, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு எடை இறங்குகிறது, சாலையின் மேடுபள்ளத்துக்கு சஸ்பென்ஷன் எப்படி மடங்குகிறது என்பதையெல்லாம் பிராசசர் கணக்கிடுகிறது. ஐரேசிங் என்ற சிமுலேட்டர் இதை வினாடிக்கு 360 முறை செய்கிறது; அசெட்டோ கோர்சா கம்பெடிசியோனே என்ற இன்னொன்று 400 முறை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு படம் வரைவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஆகவே நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்தால் படத்தின் அழகுதான் குறையும். டயரின் குணம் அப்படியே இருக்கும்.

2004இல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலி என்ற சிமுலேட்டரை இன்றும் ரேலி ஆர்வலர்கள் விடாமல் ஓட்டுவதற்கு இதுவே காரணம். படம் பழசு, சரளைக்கல் சாலையில் கார் வழுக்கும் விதம் பழசாகவில்லை. 1998இல் வெளியான கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ், 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்களை, காரைச் சாலையோடு அழுத்தும் இறக்கைகள் இல்லாத அந்தக் காலத்து முரட்டுத்தனத்தோடு கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர்தான் பிறகு ஐரேசிங்கைத் தொடங்கினார்.

2008இல் வந்த அந்த ஐரேசிங், பார்வைக்கு முதலிடம் பெறும் சிமுலேட்டர் என்று சொல்ல மாட்டேன். சந்தா கட்ட வேண்டும். பெரும்பாலான கார்களையும் தடங்களையும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஆனால் நிஜத் தடங்களை லேசரால் அளந்து எடுத்திருப்பதால் ஒவ்வொரு மேடும் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஒழுங்காக ஓட்டுகிறவரையும் இடித்துத் தள்ளுகிறவரையும் பிரித்து வைக்கும் மதிப்பீட்டு முறையும் உண்டு. 2024 மே மாதம் இமோலாவில் நிஜ கிராண்ட் பிரியை வென்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், அதே வார இறுதியில் தன் அணியோடு ஐரேசிங்கின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றார்.

இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அசெட்டோ கோர்சாவை, சுமாரான கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மழையும் இரவும் மூலத்தில் கிடையாது. ரசிகர்கள் உருவாக்கிய கூடுதல் மென்பொருள்கள் அவற்றைச் சேர்க்கின்றன. ரசிகர்கள் செய்த கார்களிலும் தடங்களிலும் தரம் ஆளுக்கு ஆள் மாறும், அதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 2019இல் வந்த கம்பெடிசியோனே அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் மென்பொருளில் எழுதப்பட்டது. ஜிடி3 வகைப் பந்தயக் கார்களும் மழையும் இரவும் அருமை. சுமையும் அதற்கேற்பப் பெரியது, தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் கண்ணாடியில் இன்னும் கூடுதல். விஆர்தான் வேண்டும் என்பவருக்கு, பிரேசிலின் ரெய்சா நிறுவனம் தந்த ஆட்டோமொபிலிஸ்டா 2ஐ முதலில் ஓட்டிக் காட்டுவேன். ஆர்ஃபேக்டர் 2 என்ற சிமுலேட்டர் டயர் உணர்வுக்குப் பெயர் பெற்றது. தோற்றம் தடத்துக்குத் தடம் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது வேகக் கணக்கில்தான். "சராசரி 120 பிரேம் வருகிறது" என்பார்கள், அதாவது வினாடிக்கு 120 படம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் வினாடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் நகர்கிறது. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு மீட்டர். மூன்று படங்கள் வராமல் போனால், பிரேக் மிதிக்க வேண்டிய இடம் மூன்று மீட்டர் தள்ளிப்போய்விடும். சராசரி இதைக் காட்டாது. தனியாக ஓடும்போது 140, முதல் வளைவின் நெரிசலில் 45 என்றால், அந்த 45தான் அந்த இயந்திரத்தின் உண்மையான அளவு.

அதனால் நான் சோதிப்பது ஒரே விதமாகத்தான். ஓட்டப்போகும் சிமுலேட்டரில் கார்களின் எண்ணிக்கையை உச்சத்தில் வைத்து, மழையைப் போட்டு, வரிசையின் கடைசி இடத்திலிருந்து புறப்படுவேன். எல்லாக் கார்களும் அவை கிளப்பும் நீர்ப்புகையும் கண்ணெதிரே இருக்கும். முதல் வளைவு வரை மிகக் குறைந்த பிரேம் எது என்று குறித்துக்கொள்வேன். அது போதாவிட்டால் முதலில் கைவைப்பது பின்பார்வைக் கண்ணாடிகளில். கண்ணாடிக்காகக் காட்சியை இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கிறது. அடுத்து நிழல், பிரதிபலிப்பு, புல், பார்வையாளர் கூட்டம். திரையின் தெளிவைக் கடைசி வரை குறைக்க மாட்டேன், தொலைவில் இருக்கும் பிரேக் பலகை மங்கினால் ஓட்டுவது எப்படி? படம் வரையும் வேகத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வி-சின்க் வசதியையும் அணைத்துவிடுவேன், அது ஸ்டீயரிங்குக்கும் திரைக்கும் இடையே தாமதத்தைக் கூட்டும்.

அசெட்டோ கோர்சாவில் பிராசசர் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்ற எச்சரிக்கை சில நேரம் வரும். அதைப் பார்த்துவிட்டுப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓடாதீர்கள். அங்கே மூச்சுத் திணறுவது பிராசசர். கம்ப்யூட்டர் ஓட்டும் எதிரிக் கார்களின் கணக்கையும் அதுதான் சுமக்கிறது. எதிரிக் கார்களைக் குறைத்துப் பாருங்கள், செலவில்லாமலே தீரக்கூடும்.

செலவில்லாத இன்னொன்று பார்வைக் கோணம். 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 65 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், அது உங்கள் பார்வையில் அடைப்பது கிடைமட்டமாக 50 பாகைக்கும் சற்றுக் குறைவு, செங்குத்தாக 29 பாகை. இவற்றில் சிமுலேட்டர் கேட்கும் எண்ணை அதற்குள் கொடுக்க வேண்டும். அகலமாக வைத்தால் வேகம் கூடுதலாகத் தெரியும், வளைவு இருக்கும் தூரத்தைவிடத் தள்ளித் தெரியும். பிரேக் கணிப்பு தவறிக்கொண்டே இருக்கும். சரியாக அமைத்ததும் "ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகலாக இருக்கிறதே" என்பார்கள். பழகிய பிறகு யாரும் பழைய கோணத்துக்குத் திரும்பிப் பார்த்ததில்லை.

பணத்தைச் செலவழிப்பதென்றால் பிரேக் பெடலில் செலவழியுங்கள். சாதாரண பெடல், கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. லோட் செல் பெடல் எவ்வளவு விசையில் மிதித்தீர்கள் என்பதை அளக்கிறது. நிஜ ரேஸ் காரிலும் ஓட்டுநரின் கால் நினைவில் வைத்திருப்பது விசையைத்தான்.

ஸ்டீயரிங்கில் எதிர்மாறாக ஒரு மோகம் பார்க்கிறேன். மோட்டார் நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகையில், திருகும் விசை 20 நியூட்டன் மீட்டர், அதற்கும் மேல் என்று போகிறார்கள். தொடங்குகிறவருக்கு 5 போதும். பெரிய மோட்டாரோடு சுவரில் மோதினால், ஸ்டீயரிங் திருகும் வேகத்தில் கட்டைவிரலும் மணிக்கட்டும் சுளுக்கிக்கொள்ளும். மோதப் போகிறோம் என்று தெரிந்தால் கைகளை எடுத்துவிட வேண்டும். கட்டைவிரலைக் கம்பிக்குள் கொக்கிபோல் மாட்டி ஓட்டக் கூடாது. வீட்டில் சிறுவர்கள் ஓட்டுவதாக இருந்தால், அமைப்புகளுக்குள் போய் விசையின் உச்சவரம்பைக் குறைத்து வைத்துவிட்டு, மின்சாரத்தைத் துண்டிக்கும் அவசரப் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் பொருத்துங்கள்.