கராத்தே கிரேடிங் பரீட்சையில ஃபெயில் ஆன புள்ளைகிட்ட கார்ல என்ன பேசுறீங்க?

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு தாமான் தேவான்ல, அதாவது குடியிருப்புப் பொது மண்டபத்துல, பதினஞ்சு வருஷத்துக்கு மேல சின்னப் புள்ளைங்களுக்குக் கராத்தே சொல்லிக் குடுக்கறேன். சேர்க்க வர்ற அம்மா அப்பாகிட்ட எதுக்குன்னு கேட்டா, தைரியம் பத்தல மாஸ்டர், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான் மாஸ்டர், ஸ்கூல்ல பகடிவதை பண்றாங்க மாஸ்டர், இதுல ஏதாவது ஒண்ணுதான் வரும். எல்லாத்துக்கும் கராத்தே உதவும், நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா அது எந்த இடத்துல உதவுதோ அந்த இடத்துலயே நாம பெரியவங்க குறுக்க வந்து கெடுத்துடறோம்.

கட்டான்னா வரிசை மாறாம செய்யற அசைவுங்க. ஷோட்டோகான்ங்கற கராத்தே பாணியில சின்னப் புள்ளைங்க ஆரம்பத்துல கத்துக்கற கட்டா ஹெயான் ஷோதான், மொத்தம் 21 அசைவு. ஒன்பதாவது அசைவுல கைய மேல தூக்கித் தடுத்துக்கிட்டே கியாய்னு அடிவயித்துல இருந்து கத்தணும், உடனே பத்தாவது அசைவுக்கு இடது பக்கமா முக்கால் சுத்து சுத்தித் திரும்பணும். முக்கால்வாசிப் புள்ளைங்க மாட்டிக்கற இடம் இதுதான், ஏன்னா கத்தின வேகத்துல மனசு அப்படியே காலியாயிடும், எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியாது, உடனே கண்ணு அம்மாவைத் தேடும். எங்க கிளாஸ்ல இதுக்கு ஒரே பழக்கம்தான். தப்பாத் திரும்பிட்டியா, மொதல்ல இருந்து ஆரம்பிக்காத, அழாத, அங்கேயே நில்லு, ஒரு மூச்சு விடு, சரியான பக்கம் திரும்பு, மிச்சத்தை முடி. கவனம்னு நாம சொல்றது கவனம் சிதறவே கூடாதுங்கறது இல்ல, சிதறினத புள்ளையே புடிச்சு இழுத்துட்டு வர்றது. வாரத்துக்கு ரெண்டு நாள் இதையே செஞ்சா கொஞ்ச மாசத்துல வீட்டுப்பாடம் எழுதும்போதும் வித்தியாசம் தெரியுதுன்னு அம்மாங்களே வந்து சொல்லியிருக்காங்க. ஆனா டாக்டர் பாக்க வேண்டிய அளவுக்குப் பிரச்சனை இருந்தா மொதல்ல டாக்டர்கிட்ட போங்க, கராத்தே மருந்து இல்ல.

மூணாம் ஆண்டு படிக்கற ஒரு பையன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆரஞ்சு பெல்ட் கிரேடிங்க்கு வந்தான். அதே பத்தாவது அசைவு, தப்பாத் திரும்பினான், அப்படியே உறைஞ்சு நின்னுட்டான், கட்டா முடிக்கல. நான் பாஸ் போடல. அவங்கப்பாவுக்கு முகமே மாறிடிச்சு, கூடச் சேர்ந்தவங்கல்லாம் ஆரஞ்சு கட்டியாச்சு, இவன் மட்டும் மஞ்சளா, கட்டணம் கட்டினோம்ல மாஸ்டர்னு கேட்டாரு. அவர் ஆதங்கம் எனக்குப் புரிஞ்சுது. ஆனா கட்டணம் கிரேடிங் வைக்கறதுக்கு, பெல்ட்டுக்கு இல்ல. காசு கட்டின எல்லாருக்கும் பெல்ட் குடுக்கற இடங்க இருக்கு, அங்கேருந்து என்கிட்ட வந்த புள்ளைங்களைப் பாத்திருக்கேன், இடுப்புல பச்சை பெல்ட், ஆனா எதிர்ல ஆள் நின்னாலே கண்ணு தரையப் பாக்குது. புள்ளைக்குத் தெரியும்ங்க, இது நாம சம்பாதிச்சதா சும்மா வந்ததான்னு.

பெல்ட்டே பழைய கதை ஒண்ணும் இல்ல. கருப்பு பெல்ட்ட ஜூடோவுல கொண்டு வந்தது ஜூடோவ உருவாக்கின ஜிகோரோ கானோ, அதை எடுத்துக் கராத்தேல மொதமொதல்ல 1924-ல குடுத்தவரு ஷோட்டோகான் பாணியோட குரு ஃபுனாகோஷி, நம்ம புள்ளைங்க கட்டற இத்தனை கலரும் அதுக்கப்புறம் வந்து சேர்ந்ததுதான்.

கிரேடிங் முடிஞ்சு வீட்டுக்குப் போற அந்த இருவது நிமிஷம் கார்ல என்ன பேசறீங்கங்கறதுதான் என்னோட ஒரு மாச கிளாஸ விடப் பெருசு. "அவன் பண்றான், உனக்கு என்ன"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த வாரம் புள்ளைக்கு வயித்து வலி வரும், அதுக்கடுத்த வாரம் காய்ச்சல், அப்புறம் கராத்தேவே வேணாம்னு சொல்லும். அதே மாதிரி "பரவால்லப்பா, மாஸ்டர்தான் சரியில்ல"ன்னு சொன்னாலும் தப்பு, புள்ளைக்குத் திருத்திக்க எதுவுமே இல்லாமப் போயிடும். நான் அந்த அப்பாகிட்ட சொன்னது இவ்வளவுதான், இன்னிக்கு எதுவும் கேக்காதீங்க, கடையில நிறுத்தி ஒரு மைலோ ஐஸ் வாங்கிக் குடுங்க, நாளைக்கு "எங்கப்பா மாட்டிக்கிட்ட, காட்டு"ன்னு மட்டும் கேளுங்க. அவரும் செஞ்சாரு. வீட்டு ஹால்ல நாற்காலிய நகத்தி வச்சுட்டு ரெண்டு பேரும் சுத்திச் சுத்திப் பழகியிருக்காங்க.

பகடிவதைக்குத் திருப்பி அடிக்கக் கத்துக் குடுங்கன்னு வர்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நான் மொதல்ல கத்துக் குடுக்கறது குத்து இல்ல, நேரா நிக்கறது, கண்ணப் பாத்து "வேணாம், விடு"ன்னு சத்தமாச் சொல்றது, உடனே போய் ஒரு பெரியவங்ககிட்ட சொல்றது. ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத புள்ளைக்குக் கியாய் எவ்வளவு பெரிய உதவின்னு மொத நாள் அது கத்தும்போது பாத்தாத்தான் தெரியும். ஸ்கூல்ல சொல்லியும் நடக்கலன்னா அரசாங்கத்தோட உதவி எண் தாலியான் காசே 15999-க்கு ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்.

சில பேர் 2023-ல ஹாங்சோ ஆசியப் போட்டியில 50 கிலோ பிரிவுல தங்கம் வாங்கின நம்ம மலேசியக் கராத்தே வீராங்கனை ஷாமளாராணி மாதிரி எம்பொண்ணு வரணும்னு சொல்றாங்க, கேக்கவே சந்தோஷமா இருக்கு. அந்த மேடைக்குப் போற யாரும் தோக்காமப் போனதில்லங்கறதையும் பொண்ணுகிட்ட சேர்த்துச் சொல்லுங்க.

அந்தப் பையன் அடுத்த கிரேடிங்லயும் பத்தாவது அசைவுல தப்பாத்தான் திரும்பினான். நின்னான், தோள் ஏறி இறங்கறது எனக்குத் தெரிஞ்சுது, திரும்பினான், 21 வரைக்கும் முடிச்சுட்டுக் குனிஞ்சு வணக்கம் வச்சான். ஆரஞ்சு குடுத்தேன்.

எந்த கிளாஸ்ல சேர்க்கறதா இருந்தாலும் கட்டணம் கேக்கறதுக்கு முன்னாடி போன கிரேடிங்ல எத்தனை பேர் பாஸ் ஆகல, அவங்களுக்கு அப்புறம் என்ன செஞ்சீங்கன்னு மாஸ்டர்கிட்ட கேளுங்க. என்கிட்டயும் கேளுங்க.