கடற்கரை ஜீப்புக்கு விலை சொல்வதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பியிருந்தார். ராணுவப் பச்சை, பளபளக்கும் பானெட், புது டயர். “அண்ணே, கீழக்கரைப் பக்கம் ஒரு தோப்புல நிக்குது. வேர்ல்டு வார் வில்லிஸ்னு சொல்றாங்க. ரெண்டு தொண்ணூறு கேக்குறாங்க, அட்வான்ஸ் போட்டுரவா?” என்று கேட்டார். படத்தைப் பார்த்து விலை சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. ஆனால் அது உலகப் போர் வண்டி இல்லை என்பது படத்திலேயே தெரிந்தது.

நம் பக்கத்தில் தட்டை மட்கார்டு வைத்த எல்லா ஜீப்புக்கும் பெயர் வில்லிஸ்தான். போர்க்காலத்து வில்லிஸ் எம்பி என்ற அமெரிக்க ராணுவ ஜீப் 1941-லிருந்து 1945 வரை செய்தது. பானெட் தாழ்வாக இருக்கும். ஆரம்பத்தில் வந்த சில வண்டிகளை விட்டுவிட்டால் முன் கிரில்லில் ஒன்பது பிளவு, ஹெட்லைட் சின்னதாக உள்ளடங்கி இருக்கும், பின்னால் திறக்கும் கதவு கிடையாது. பிறகு வந்த சிவிலியன் ஜீப்புகளுக்கு ஏழு பிளவு. 1953-ல் வந்த சிஜே-3பி என்ற சிவிலியன் மாடலில் உயரமான எஃப்-ஹெட் என்ஜினை வைத்ததால் பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். அந்த உருவத்தைத்தான் மகிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் செய்தது. தம்பி அனுப்பிய படத்தில் பானெட் உயரம், கிரில்லில் ஏழு பிளவு. நல்ல மகிந்திரா வண்டி, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வில்லிஸ் என்ற பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். ஒன்பது பிளவு கிரில்லை வாங்கி மகிந்திராவில் பற்ற வைத்து விற்கிறவர்களும் உண்டு. அதனால் கிரில்லை மட்டும் எண்ணிவிட்டு நம்ப வேண்டாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை நேரில் போனோம். என்ஜினை நான் எப்போதும் கடைசியில்தான் பார்ப்பேன். இந்தக் கடற்கரையில் ஒரு பழைய வண்டியின் விலையைத் தீர்மானிப்பது சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டம். சென்னையிலோ கோவையிலோ கற்றுக்கொண்ட கணக்கு இங்கே செல்லாது. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழையே இல்லாவிட்டாலும் இரவுக் காற்றில் இரும்பின் மேல் ஒரு நனைந்த படலம் இருந்துகொண்டே இருக்கும். பக்கத்து மண்டபம் ஊரில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயின்டும் தேவைப்பட்டது என்றால், தோப்பில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் ஜீப் எம்மாத்திரம்?

வெளியே தெரியும் துருவுக்கு நான் பயப்படுவதில்லை. பயம் எல்லாம் சேஸிஸின் உள்ளே மூடியிருக்கும் பெட்டி போன்ற பகுதிகளுக்குத்தான். மணல் உள்ளே போய், தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பிறகு அந்த மணல் உப்புத் தண்ணீரை நனைந்த பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருக்கும். வெளியே பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கலாம், உள்ளே கரைந்துகொண்டே இருக்கும்.

அரைக் கிலோ சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், காந்தம், டார்ச். என் கருவி இவ்வளவுதான். பின் ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து தட்டிக்கொண்டே முன்னால் வர வேண்டும். நல்ல இரும்பு ‘டங்’ என்று கையைத் திருப்பி அடிக்கும். கெட்டது ‘பொத்’ என்று சுத்தியலை வாங்கிக்கொள்ளும். இந்த வண்டியில் இடதுபக்க ஷேக்கிளுக்கு ஒரு சாண் முன்னால் ‘பொத்’. ஸ்க்ரூடிரைவரை வைத்து உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினேன், கைப்பிடி வரை போய்விட்டது. இழுத்தபோது மணலும் துருச் செதிலும் கொட்டின. தரைத்தகட்டில் காந்தம் நாலு இடத்தில் ஒட்டவில்லை. அங்கெல்லாம் பட்டி போட்டு இழுத்து மேலே பச்சையை அடித்திருக்கிறார்கள்.

இந்தத் தட்டுதலைச் சோம்பேறித்தனத்தால் விட்டு நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். தொண்டிப் பக்கத்தில் வாங்கிய ஜீப், என்ஜின் அருமை என்று மயங்கி ஓட்டிக்கொண்டே வந்தேன். தேவிபட்டினம் தாண்டி ஒரு பள்ளத்தில் பின் ஷேக்கிள் சேஸிஸைப் பிய்த்துக்கொண்டு கழன்று வந்துவிட்டது. வேகம் குறைவு, அதனால் பிழைத்தேன்.

வண்டி என்ன வேலை செய்தது என்றும் கேளுங்கள். படகை இழுக்கவோ மீன் ஏற்றவோ தண்ணீருக்குள் இறங்கிய வண்டியா? அப்படியானால் டிஃபரன்ஷியலின், அதாவது அச்சின் நடுவில் இருக்கும் கியர் உருண்டையின், ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் கடல் உள்ளே போயிருக்கிறது, உள்ளே இருக்கும் கிரௌன் பினியன் பற்சக்கரங்களும் பேரிங்கும் மாற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றி மணலிலும் அலையோரத்திலும் ஓடிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை நான் இரும்பு விலைக்கு மேல் தொடுவதில்லை.

முன்னும் பின்னும் வேறு வேறு வண்டியின் ஆக்ஸிலை (சக்கர அச்சை) மாட்டியிருப்பார்கள், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. டயரிலும், ஆக்ஸிலைச் சுழற்றும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, டயர் ஒரு சுற்று வரும் வரை வண்டியைத் தள்ளி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ ஹப் இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். பழைய சிஜே-3பி ஆக்ஸிலின் கணக்கு 5.38, அதாவது ஷாஃப்ட் ஐந்தே கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். எந்த எண் வந்தாலும் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்ட அன்றே, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கதறும்.

என்ஜினுக்கு ஒரே நிபந்தனை, நாம் போகும்போது பானெட் ஜில்லென்று இருக்க வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்த பிறகு என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். மற்றதற்கு மெக்கானிக் உண்டு, சாமான் உண்டு.

அப்புறம் காகிதம். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கும், பானெட்டைத் திறந்தால் டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடிக்கும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உப்பு அந்த எண்ணையே தின்றிருந்தால் மேலே பேசாதீர்கள். 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு வேண்டுமென்றால் முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ஆனால் தினசரி ஓட்ட முடியாது. மகிந்திரா சேஸிஸில் பாதியை வெட்டி ஒட்டிவிட்டு அந்தக் கனவு காண வேண்டாம்.

விலையைப் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். இந்த வண்டியை முழுதாகச் செய்து முடித்தால் ஆறு லட்சத்துக்குப் போகும் என்று வைத்தோம். சேஸிஸ், பாடி டிங்கரிங் 1,10,000. என்ஜின் 65,000. கியர், ஆக்ஸில் 40,000. பிரேக், ஸ்டீயரிங், டயர் 55,000. வயரிங், ஹூட் (மேல் கூரைத் துணி), சீட் 30,000. பெயின்ட் 40,000. காகித வேலை, ஏற்றி வரும் கூலி 20,000. ஆக 3,60,000. பிரித்த பிறகு தெரியவரும் ஓட்டைகளுக்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர் வண்டிக்குப் பத்து சதவீதம் சேர்ப்பேன், கடற்கரை வண்டிக்குக் கால் பங்கு. 90,000 சேர்த்தால் 4,50,000. மிச்சம் ஒன்றரை லட்சம், அதுதான் விலை.

சொன்னதும் வண்டிக்காரருக்கு முகம் மாறிவிட்டது. “எங்க வாப்பா ஓட்டுன வண்டி, இரும்பு விலைக்குக் கேக்குறீகளே” என்றார். ஸ்க்ரூடிரைவரை அவர் கையிலேயே கொடுத்தேன். குத்திப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பட்டி போட்டது அவர் இல்லை, புதுப்பித்துத் தருகிறேன் என்று முன்பு ஒரு பட்டறை செய்த வேலை. ஒன்று அறுபத்தைந்துக்கு முடிந்தது. ஆர்.சி. இன்னும் இறந்துபோன வாப்பா பெயரில் இருப்பதால் தம்பி இப்போதைக்கு ஐயாயிரம்தான் கொடுத்திருக்கிறார். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாறும் வரை வண்டி அதே தோப்பில்தான், டயர் மணலில் படாமல் நாலு பக்கமும் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்துவிட்டு வந்தோம்.