புது லப்டொப் வாங்க முதல் பழையதைத் திறந்து பாருங்கள்

வெள்ளவத்தையில் பதினைந்து வருடமாக லப்டொப் திருத்துகிறேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் புதுசு வாங்கக் கிளம்பியவர்களில் சிலர் போகிற வழியில் என் மேசைக்கும் வந்து, "அண்ணா, இதைத் திருத்தலாமா, இல்லாட்டி கழிச்சு விடவா?" என்று கேட்பார்கள். முதுமாணிப் படிப்புகள் தொடங்குகிற காலத்தில் இந்தக் கேள்வி கூடிவிடும்.

போன மாதம் ஒரு தங்கச்சி வந்தார். பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. லப்டொப் 2018இல் கம்பஸ் போகும்போது வாங்கியது. "திறந்து வேலை தொடங்கவே பத்து நிமிடம் போகுது. அப்பா புதுசு வாங்கச் சொல்கிறார்" என்றார். நான் ஆணியைக்கூடக் கழற்றவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. ப்ரோசசர் 10 வீதத்தைக்கூடத் தாண்டவில்லை. அதாவது மூளை சும்மா இருக்கிறது, கை வேலை செய்து களைத்துப் போயிருக்கிறது.

உள்ளே இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டில் ஒரு முனை ஓடி ஓடித் தேடி எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை. பழைய டிஸ்க் வினாடிக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் வாசிக்கும், சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகளை வாசிப்பதில் இந்த இடைவெளி இன்னும் பல மடங்கு. திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம் 4 ஜிபி, போர்டிலேயே ஒட்டியது, பக்கத்தில் ஒரு வெற்று இடம். டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, அந்த இடத்தில் 8 ஜிபி ராமும் போட்டோம். இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. அவருக்குத் தேவையான புள்ளிவிவர மென்பொருளுக்கும், முப்பது பிடிஎஃப் திறந்து வைத்துக் கட்டுரை எழுதுவதற்கும் இது தாராளம்.

அவருக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. ப்ரோசசரின் பெயரில் ஐ5 என்பதற்குப் பக்கத்தில் இருந்த எண் 8250. அது எட்டாம் தலைமுறை. 7200 என்று இருந்திருந்தால் ஏழாம் தலைமுறை, நானும் வேறு விதமாகக் கதைத்திருப்பேன். விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்தவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை. இரண்டு வருடப் படிப்புக்கு இது எங்கே காணும்? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச உபுண்டு பழகியவர்கள் தாராளமாகத் தொடரலாம். வேர்டும் எக்செலும் இப்போது இருக்கிறபடியே வேண்டும் என்பவர்கள் அந்த இயந்திரத்தில் காசு போட வேண்டாம்.

என்னுடைய கணக்கு சாதாரணமானது. பாகமும் கூலியும் சேர்ந்து, அதே வேலையைச் செய்யக்கூடிய புதியதின் விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறியதால் இந்தக் கணக்கு முன்னைப் போல் இலகுவாக இல்லை. அதனால் எஸ்எஸ்டியை முதலில் போட்டு, ஒரு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு ராமைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

புதுசு வாங்குபவர்கள் விழும் ஒரு குழியையும் சொல்ல வேண்டும். மெல்லிசாக, வடிவாக இருக்கும். உள்ளே 8 ஜிபி ராம், அதுவும் போர்டோடு ஒட்டியது. பிறகு கூட்டவே முடியாது. இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, 16 ஜிபி போடக்கூடிய பழையதைத் தம்பிக்குக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். தம்பிதான் கெட்டிக்காரன். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ராம் கழற்றிப் பூட்டக்கூடியதா?" என்பதுதான்.

தரவு அறிவியல் படிக்கப் போகிறேன், கேமிங் லப்டொப் வேண்டும் என்று வருபவர்களும் உண்டு. அவசரப்பட வேண்டாம். முதல் பருவப் பயிற்சிகளில் பெரும்பகுதி கூகுள் கொலாப் என்ற இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியுவிலேயே (கேமிங் லப்டொப்பில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்) ஓடும். ஆய்வுத் தலைப்பு முடிவான பிறகு மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கலாம்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்துப் பாவித்த இயந்திரங்களைத் திறந்தால், சூட்டை வெளியேற்றும் செம்புக் குழாயில் பச்சை பூத்திருக்கும். காற்றாடியில் தூசு பஞ்சு மாதிரி அடைத்திருக்கும். சூடு கூடினால் ப்ரோசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆட்கள் வயது போய்விட்டது என்று நினைப்பார்கள். துப்புரவாக்கி, ப்ரோசசரில் சூட்டைக் கடத்தும் புதுப் பசை பூசினாலே சிலது எழும்பிவிடும். ஆனால் போர்டிலேயே உப்பு அரித்திருந்தால் அதற்குமேல் செலவு செய்ய வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன்.

பற்றரியையும் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் நன்றாக அடிபட்ட பற்றரிகள் இன்னும் பாவனையில் இருக்கின்றன. டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் உள்ளே பற்றரி ஊதியிருக்கக்கூடும். அதை அழுத்தாமல், சார்ஜ் போடாமல், அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

இனி என்னுடைய பிழை ஒன்று. தொழில் தொடங்கிய காலத்தில், சாகும் நிலையில் இருந்த ஒரு டிஸ்க்கை அப்படியே முழுதாகப் புதியதுக்குப் பிரதி எடுக்கப் போனேன். முதலில் அவருடைய கோப்புகளை மட்டும் வெளியே எடுத்திருக்க வேண்டும். பாதியில் டிஸ்க் நின்றுவிட்டது. ஆய்வுக்காக ஊரில் எடுத்த படங்கள் போனது போனதுதான். இன்றைக்கும் அந்த அண்ணாவைக் காலி வீதியில் கண்டால் தலை குனிந்துதான் போவேன். அதனால் இப்போது யார் வந்தாலும் முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பார்க்கிறேன். மஞ்சள் காட்டினால், கோப்புகள் வெளியே வரும்வரை வேறு எதையும் தொடமாட்டேன்.

வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே வந்தால், புதுப் பாகத்தில் குறை இருந்தாலும் மாற்றிக்கொள்ள நேரமிருக்கும். ஆய்வறிக்கை கொடுக்க நாலு நாள் இருக்கும்போது வந்து அழுதால் நானும் சேர்ந்து அழத்தான் முடியும். வரும்போது சார்ஜரையும் கொண்டுவாருங்கள், பாதிப்பேர் மறந்துவிட்டு வருகிறார்கள்.

எந்தக் கடையில் செய்தாலும், கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் அடையாள அட்டைப் பிரதி, குடும்பப் படங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தங்கச்சியின் டிஸ்க்கைச் சோதித்தேன், நல்ல நிலையில் இருந்தது. யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். கிழமைக்கு ஒருமுறை கட்டுரைகளை அதில் பிரதி எடுத்து வைக்கிறாராம்.