தெளிவான ஸ்பிரிட்டில் பன்னீர் ஊற்றினால் பாலாவது ஏன்?

வாசகர் ஒருவர் புகைப்படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கடையில் கிடைக்கும் ஆஃப்டர் ஷேவின் விலையும் பிடிக்கவில்லை, வாசனையும் பிடிக்கவில்லை என்று வீட்டிலேயே கலக்கிப் பார்த்திருக்கிறார். மருந்துக்கடை ஸ்பிரிட், அதில் வெட்டிவேர் எண்ணெய் சில சொட்டு, ஆரஞ்சு எண்ணெய் சில சொட்டு. அதுவரை எல்லாம் தெளிவு. எரிச்சல் குறையட்டும் என்று ஸ்பிரிட்டின் அளவுக்கே பன்னீரையும் ஊற்றியிருக்கிறார். அடுத்த நொடியே பாட்டில் முழுக்க வெள்ளை. "கெட்டுப்போச்சா சார்? பன்னீரில் ஏதாவது கலப்படமா?" என்று கேட்கிறார்.

கெட்டுப்போகவில்லை. பன்னீர் மேலும் குற்றமில்லை. மூன்று தெளிவான திரவங்கள் சேர்ந்து எப்படிப் பால் நிறம் வந்தது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். அதற்கு முன் ஆஃப்டர் ஷேவில் ஆல்கஹால், மென்தால், கிளிசரின் எல்லாம் என்ன செய்கின்றன என்பதை வேகமாக முடித்துவிடலாம்.

சவரக்கத்தி முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் விழுகின்றன. அங்கே கிருமி சேராமல் பார்த்துக்கொள்வது ஸ்பிரிட்டில் இருக்கும் ஆல்கஹாலின் வேலை. எரிவது ஏன்? நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் அது விழித்துக்கொள்ளும். எத்தனால் என்ற ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை 34 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சொந்தச் சூடே நம்மைச் சுடுகிறது! மென்தால் இதே வித்தையைத் தலைகீழாகச் செய்கிறது. குளிரை உணரும் டிஆர்பிஎம்8 புரதத்தைத் தட்டி எழுப்பி, குளிராத இடத்தில் குளிர்வதாகச் சொல்ல வைக்கிறது. இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் உண்டு. 2021-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கிளிசரின், காற்றிலும் தோலிலும் உள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும். அவ்வளவுதான்.

சரி, இப்போது பாலுக்கு வருவோம்.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது பள்ளிப் பாடம். எத்தனால் மூலக்கூறின் ஒரு முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓஹெச் தொகுதி இருக்கிறது. அது தண்ணீரோடு ஒட்டும். மறுமுனை கார்பன் வால். அது எண்ணெயோடு ஒட்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கம், பெண் பக்கம் இரண்டுக்கும் உறவான ஒரு பெரியவர் இருப்பாரே, அந்த மாதிரி. அவர் நடுவில் இருக்கும்வரை பேச்சுவார்த்தை சுமுகமாகப் போகும். ஆனால் ஆல்கஹாலுக்குத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்த்து அளந்து பாருங்கள்: 100 வராது, 96 மில்லி சுமார்தான் வரும். மூலக்கூறுகள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்துகொள்கின்றன, கலவை லேசாகச் சூடும் ஆகிறது. தனிம அட்டவணை தந்த மெண்டலீவின் 1865-ஆம் ஆண்டு ஆய்வேடே ஆல்கஹால்–தண்ணீர்ச் சேர்க்கையைப் பற்றியதுதான்.

ஆகவே பன்னீர் உள்ளே வந்ததும் ஆல்கஹால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எண்ணெய்க்கு ஆதரவு போய்விடுகிறது. இங்கே கவனமாகப் படிக்கும் ஒருவர் குறுக்கே கேட்கலாம்: "பன்னீர் ஊற்றினால் எண்ணெயும் நீர்த்துத்தானே போகிறது? முன்பைவிடக் குறைந்த அளவு எண்ணெய், இன்னும் எளிதாகக் கரைய வேண்டாமா?"

சரியான கேள்வி. சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. கலவையில் எண்ணெயின் செறிவு குறைவது ஒரு வேகத்தில். எண்ணெயைக் கரைத்து வைக்கும் திறன் குறைவது வேறு வேகத்தில். முதலாவது வகுத்தல் கணக்கு. ஊற்றிய அளவுக்குத் தகுந்தபடி குறையும். இரண்டாவது மடங்குக் கணக்கு; ஒவ்வொரு படி இறங்கும்போதும் மீதி இருப்பதில் ஒரு பங்குதான் தேறும். விளக்கத்துக்காக நானே ஒரு எண் வைத்துக்கொள்கிறேன். ஆல்கஹால் 10 சதவீதம் இறங்கும்போதெல்லாம் கரைக்கும் திறன் மூன்றில் ஒன்றாகிறது என்று வையுங்கள். 80 சதவீத ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் ஊற்றினால் 40-க்கு வந்துவிடும். எண்ணெயின் செறிவு பாதியாயிற்று. கரைக்கும் திறனோ மூன்றில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று என்று நான்கு முறை இறங்கி, 81-இல் ஒரு பங்காயிற்று. எண்ணெய்க்கு இடம் போதவில்லை.

அதுவும் எப்படி? பாட்டிலின் எல்லா மூலையிலும், ஒரே நொடியில். ஓடிப்போய் ஒன்றுசேர்ந்து மேலே ஓர் அடுக்காக மிதக்க எண்ணெய்க்கு நேரமே கிடைப்பதில்லை. அங்கங்கே இருக்கும் மூலக்கூறுகள் அங்கங்கே கூடிக் குட்டித் துளிகளாகின்றன. ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி வளர்கிறது. சுற்றுவட்டாரம் காலியானதும் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. அப்போது அதன் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டர் வாக்கில் இருக்கும். 1 மில்லி எண்ணெய் இப்படி உடைந்தால் எத்தனை துளி? நான் போட்ட கணக்கில் ஏறத்தாழ 2 லட்சம் கோடி. அத்தனை துளிகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 6 சதுர மீட்டர். எண்ணெயை இவ்வளவு பொடியாக உடைக்க வேண்டுமென்றால் மிக்ஸியை ஓட்டி, சோப்பு மாதிரி ஏதாவது ஒன்றையும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும். இங்கே கையை அசைக்காமலே வேலை முடிந்துவிட்டது. எனக்கு இது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

பொறுமை இருந்தால் ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதல் சில சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை இழை ஒன்று சுருண்டு, குலுக்கியதும் காணாமல் போகும். சொட்டு விழுந்த இடத்தில் தண்ணீர் அதிகம், கலந்த பிறகு இல்லை. இன்னும் சில சொட்டு போனால் இழை மறையச் சற்று நேரம் பிடிக்கும். ஒரு கட்டத்தில் மறையாது. அந்த நேரத்தில் பாட்டிலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்தால் லேசான நீலம் தெரியும். துளிகள் இன்னும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை, நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. அவை வளர்ந்ததும் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் சிதறடிக்கும், வெள்ளையாகிவிடும்.

கிரேக்க நாட்டு ஊசோ, பிரான்சின் பாஸ்டிஸ், துருக்கியின் ராக்கி போன்ற சோம்பு மணக்கும் மதுவகைகளில் தண்ணீர் விட்டால் வெள்ளையாவதும் இதனால்தான். அங்கே எண்ணெயின் பெயர் அனெத்தோல். 2003-இல் விட்டாலே, கேட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நிகழ்வை அலசி, அதற்கு ஊசோ விளைவு என்று பெயரும் வைத்தார்கள். மது வாசமே தெரியாதவர்களுக்கும் இது பழக்கமான காட்சிதான்: வாளித் தண்ணீரில் டெட்டால் ஊற்றுகிறோமே! அதில் பைன் மணமுள்ள எண்ணெய்ப் பொருளும் ஆல்கஹாலும் இருக்கின்றன. விளக்கெண்ணெய்ச் சோப்பும் இருப்பதால் முழுக்க ஒரே கதை என்று சொல்ல முடியாது, நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 2003-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் இசபெல் கிரில்லோ என்ற ஆய்வாளர், அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையைப் பாஸ்டிஸ் மதுவுக்குள் செலுத்தித் துளிகளின் அளவை ஆராய்ந்தார். மக்கள் வரிப்பணத்தில் சாராயத்தை ஆராய்வதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் எம்ஆர்என்ஏ கொரோனா தடுப்பூசிகள் எப்படித் தயாராயின என்று பாருங்கள். எத்தனாலில் கரைத்த கொழுப்பு ஒரு குழாயில் வருகிறது, எம்ஆர்என்ஏ கலந்த நீர்க்கரைசல் இன்னொரு குழாயில் வருகிறது. இரண்டும் வேகமாக மோதுகின்றன. கொழுப்புக்கு இடம் போதாமல் போகிறது, எம்ஆர்என்ஏவைச் சுற்றிக்கொண்டு 100 நானோமீட்டர் வாக்கில் உருண்டைகள் பிறக்கின்றன. கலக்கும் வேகம் கூடினால் உருண்டை சிறிதாகும். கரைக்கும் திறனைத் திடீரென்று பறிக்கும் அதே தந்திரம்தான். 2020-21 கணக்குப்படி நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அந்தச் சொற்பத்திலும் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டே பாதி விண்ணப்பங்களை மடக்கிவிடுகிறோம் என்பது என் கருத்து. பாஸ்டிஸுக்கு நியூட்ரான் காட்ட ஒரு விண்ணப்பம் இங்கே வந்திருந்தால் சிரித்தே அனுப்பியிருப்பார்கள்.

வாசகரின் பாட்டிலுக்குத் திரும்புவோம். அதில் இருந்த இரண்டு எண்ணெய்களில் முதலில் கரைசலை விட்டுப் பிரிந்தது ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன். அது வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டது, தண்ணீரோடு பேச அதற்கு ஒரு ஓஹெச் கூடக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தன எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் முக்கியப் பொருளான சாண்டலாலில் ஓஹெச் உண்டு. ஆகவே 70 சதவீத ஆல்கஹால் ஐந்து பங்கு இருந்தாலே நல்ல சந்தன எண்ணெய் ஒரு பங்கு தெளிவாகக் கரைந்துவிடும். நீலகிரித் தைலத்துக்கும் இதே அளவுதான் மருந்தியல் நூல்களில் சோதனையாக இருக்கிறது. கனிம எண்ணெய் எதையாவது கலந்திருந்தால் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தெளிவு வேண்டுமென்றால் ஆல்கஹாலைக் கூட்டுங்கள், அல்லது எண்ணெயைக் குறையுங்கள். மொத்தக் கலவையில் எண்ணெய் 1 சதவீதம், அதாவது 100 மில்லிக்கு 1 மில்லி, முகத்துக்குத் தாராளம். எண்ணெயைத் தண்ணீரில் கரைய வைக்கும் பாலிசார்பேட் 20 என்ற பொருளை முதலில் எண்ணெயோடு பிசைந்துவிட்டு அப்புறம் தண்ணீர் சேர்ப்பது இன்னொரு வழி. வெள்ளையாகவே இருந்தாலும் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஏனென்றால் சின்னத் துளிகள் மெல்லக் கரைந்து பெரிய துளிகளைக் கொழுக்க வைக்கும். நாளடைவில் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். குலுக்காமல் சாய்த்தால் நீர்க்காத எண்ணெய் நேராகத் தோலில் விழுந்து எரித்துவிடும். இன்னொன்று, குளிர்ந்தாலும் கரைதிறன் குறையும். சென்னையில் தெளிவாக இருந்த பாட்டில் ஊட்டிக்குப் போனதும் மங்கினால் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஸ்பிரிட் பாட்டிலில் எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று சதவீதத்தோடு அச்சிட்டிருக்க வேண்டும். மெத்திலேட்டட் ஸ்பிரிட், பெயின்ட் கடைத் தின்னர் பக்கமே போகாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிவாங்கிய மெத்தனால், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அடுப்புப் பக்கத்தில் கலக்காதீர்கள். 70 சதவீத ஆல்கஹாலின் ஆவி நம்மூர் வெயிலில் சின்னப் பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

"கெமிக்கல் வேண்டாம், இயற்கையாக எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலுமிச்சைத் தோலில் இருக்கும் ஃபுரானோகூமரின்கள் இயற்கையானவைதான், கெமிக்கலும்தான். மழித்த முகத்தில் அவை பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். காய்ச்சி வடித்த எலுமிச்சை எண்ணெயில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை, அந்த மூலக்கூறுகள் ஆவியோடு ஏறிவருவதில்லை.

கடைசியாக, அதே வாசகர் கடிதத்தின் அடியில் கேட்டது: படிகாரத்தையும் பொடித்துப் போடலாமா? சலூனில் ஈர முகத்தில் தேய்க்கும் அதே கல்தான். அதன் அலுமினிய அயனி புரதங்களை உறைய வைத்து, சின்னக் கீறல்களில் ரத்தத்தை நிறுத்தும். கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவதும் இதைத்தான். தணலில் போட்டால் பொங்கி ஏதோ ஓர் உருவம் எடுக்கும், கண் வைத்தவர் முகம் அதில் தெரியும் என்பார்கள். படிகாரப் படிகத்தின் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் தண்ணீர். அது ஆவியாகி வெளியேறும்போது உப்பு பொங்குகிறது, அண்டை வீட்டுக்காரருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆனால் படிகாரம் எத்தனாலில் கரையாது. பன்னீரில் கரைத்துக்கொண்டுவந்து ஸ்பிரிட்டில் ஊற்றினாலும் அது படிகமாகப் பிரியத் தொடங்கும். இதுவும் வெள்ளைதான், ஆனால் குலுக்கிவிட்டு வைத்தால் மணல் மாதிரி அடியில் படியும். எண்ணெய்த் துளிகள் அப்படிப் படியாது. ஆகவே கல்லைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மழித்ததும் ஈர முகத்தில் ஒரு தேய்ப்பு, அரை நிமிடம் கழித்துக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துடைத்து உலர்ந்த பிறகு உங்கள் வெட்டிவேர்க் கலவையைப் பூசலாம்.